நித்திய கல்யாணிப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு, ஒரு மாதமாக வாசலில் இருக்கும் நித்திய கல்யாணியில் ஏழெட்டுப் பூவும் ஒரு கைப்பிடி இலையும் பறித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை கொதிக்க வைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறார். சர்க்கரையும் இறங்கும், புற்றுநோயும் வராது என்று நம்புகிறார். நீங்கள் தடுத்தால், "புற்றுநோய்க்கு ஊசி மருந்தே இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கிறார்கள். நான் செடியிலிருந்து நேராகவே குடிக்கிறேன், இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது, செடியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை, சர்க்கரை இறங்குமா இறங்காதா என்பதைவிட உங்களைத் திணறடிப்பது அப்பாவின் அந்த வாதம்தான். செடியிலிருந்து மருந்து வருகிறது என்றால் செடியே மருந்துதானே என்கிறார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் அதற்கே முழுதாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பார்மசி படித்து, எட்டு வருடம் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் வேலை பார்த்தேன். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் பார்மசி கல்லூரியில் பார்மகாக்னசி நடத்தினேன், அதாவது தாவரங்களிலிருந்து மருந்துப் பொருள் எடுப்பது பற்றிய பாடம். இந்தச் செடியின் இலையையும் பார்த்திருக்கிறேன், அதிலிருந்து வந்த மருந்து குப்பியையும் கையாண்டிருக்கிறேன். அந்த அளவில்தான் என் பேச்சு. அப்பாவின் மாத்திரை அளவைப் பற்றி அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் அவசரமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கஷாயத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். காரணங்களைப் பொறுமையாகப் படிக்கலாம்.

இது நம் ஊர்ச் செடியே இல்லை. மடகாஸ்கர் தீவில் தோன்றியது. அழகுக்காக 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், கப்பல் வழியாக உலகின் வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் பரவியது. நம் பக்கம் சுடுகாட்டு மல்லி, கல்லறைப் பூ என்றும் சொல்வார்கள், இலங்கையில் பட்டிப்பூ என்பார்கள். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வருடம் முழுக்கப் பூக்கும், ஆடு மாடு வாய் வைக்காது, விதை விழுந்து தானே முளைக்கும். ஆளில்லாத கல்லறைத் தோட்டத்தில் இதைத் தவிர வேறு எது தாக்குப்பிடிக்கும்? ஆடு ஏன் தொடுவதில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலை அப்படிக் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் ஆல்கலாய்டு, அதாவது செடி தனக்குள் செய்யும், உடம்பில் வலுவாக வேலை செய்யக்கூடிய ஒரு வகை வேதிப்பொருள். இந்தச் செடியில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இத்தனை வகை ஒரே செடியில் இருப்பது அபூர்வம்.

அப்பா சொல்வதில் உண்மையானதை முதலில் ஒப்புக்கொள்வோம். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியின் இலையிலிருந்து வந்தவை. இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதையை அப்பாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கதை சர்க்கரை நோயில்தான் தொடங்குகிறது.

1952-ல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே நித்திய கல்யாணியின் இருபத்தைந்து இலைகள். அங்கே இன்சுலின் கிடைக்காத சர்க்கரை நோயாளிகள் இந்த இலையைத் தேநீர்போல் போட்டுக் குடிக்கிறார்கள், பரிசோதித்துப் பாருங்கள் என்று ஒரு வேண்டுகோள். இந்த கிளார்க் நோபிள் 1921-ல் டொராண்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கோடு அந்த ஆராய்ச்சிக்கு உதவியாளராகப் போயிருக்க வேண்டியவர். அவருக்கும் சார்லஸ் பெஸ்டுக்கும் இடையே நாணயம் சுண்டிப் பார்த்ததில் பெஸ்ட் போனார் என்று சொல்வார்கள். கிளார்க் அந்த இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட், ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் இருக்கும் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். அவர் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. சரி, வாய்வழியாக வேலை செய்யவில்லை, ஊசியாகப் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். சில நாளில் எலிகள் செத்துப்போயின. அறுத்துப் பார்த்தபோது உடம்பு முழுக்கக் கிருமித் தொற்று. வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து, எலும்பு மஜ்ஜை வற்றிப்போயிருந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாமல் சாதாரணக் கிருமியே எலியைக் கொன்றிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் 'இது விஷம்' என்று குறித்துவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார்கள். ராபர்ட் நோபிளுக்குத் தோன்றியது வேறு: வெள்ளையணுக்களை இப்படி அழிக்கும் பொருள், வெள்ளையணு கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோயில் பயன்படாதா? சார்லஸ் பியர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து பல வருடம் உழைத்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தார். 1958-ல் அதை வெளியிட்டார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனமும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அவர்களும் சர்க்கரை நோய்க்கான மூலிகை என்ற பேச்சைக் கேட்டுத்தான் தொடங்கினார்கள். இரத்தப் புற்றுநோய் வந்த எலிகளுக்குச் சாற்றைக் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் உயிரோடு இருப்பதைப் பார்த்தார்கள். அங்கே கார்டன் ஸ்வோபோடா பிரித்தெடுத்தது வின்கிரிஸ்டின். அது 1963-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

ஆக, அப்பா சேர்த்துச் சொல்லும் இரண்டு விஷயங்களும் ஒரே பரிசோதனையிலிருந்து பிறந்தவை. அதில் சர்க்கரைக்கான பாதி தோற்றுப்போனது. வாய்வழியாகக் கொடுத்தபோது தோற்றது. புற்றுநோய்க்கான பாதி, சாறு உடம்புக்குள் ஊசியாகப் போய் எலியைக் கொன்றதால் தெரியவந்தது. அப்பா குடிப்பது வாய்வழியாக.

அந்த மருந்து செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1960-களின் தொடக்கம்வரை குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்ஃபோசைட்டிக் இரத்தப் புற்றுநோய் என்றால் சில மாதங்கள்தான் கணக்கு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரைக்கும் வின்கிரிஸ்டினை இன்னும் மூன்று மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து படிப்படியாக வளர்ந்த கூட்டு சிகிச்சையால் இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாட்டா, தில்லி எய்ம்ஸ் ஆகியவை 1980-களிலிருந்து பின்பற்றிய எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையிலும் வின்கிரிஸ்டின் உண்டு. நான் வேலை பார்த்த வார்டில் மொட்டைத் தலையோடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பலர் இந்தச் செடியின் மருந்தைக் குத்திக்கொண்டவர்கள்தான். நித்திய கல்யாணி என்று சொன்னாலே எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அதனால்தான் அந்தப் பெயரை வைத்து வரும் தவறான செய்திகளைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

சரி, இப்போது இலைக்கும் குப்பிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அப்பாவின் வாதம் விழுவது இங்கேதான். வின்பிளாஸ்டின் என்பது வின்டோலின், கேத்தரந்தின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் இணைந்து உண்டாவது. செடி அந்த இரண்டையும் தாராளமாகவே செய்கிறது. ஆனால் வின்டோலின் இலைக்குள் உள்ள செல்களில் இருக்கும், கேத்தரந்தின் இலையின் மேலே இருக்கும் மெழுகுப் படலத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டும் சந்திப்பதே அரிது. அதனால் இணைந்த பொருள் இலையில் மிக மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ. அந்த இலையை அரைத்து, அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, ஆல்கலாய்டுகளைத் தண்ணீருக்குள் இழுத்து, பிறகு அமோனியா சேர்த்துக் காரமாக்கி, கரிமக் கரைப்பான் ஒன்றுக்கு மாற்றி, குரோமட்டோகிராபி என்னும் முறையில் ஒவ்வொரு பொருளாகத் தனித்தனியே பிரிக்க வேண்டும். கடைசியில் வின்பிளாஸ்டினின் ஒரு பகுதியை வேதியியல் முறையில் மாற்றி வின்கிரிஸ்டின் ஆக்குவதும் உண்டு, ஏனென்றால் இலையில் அது அவ்வளவு குறைவு.

மாணவர்களுக்கு இதைக் காட்ட ஒரு சோதனை செய்வோம். கல்லூரித் தோட்டத்து இலையின் சாற்றை ஒரு மெல்லிய படலத் தகட்டில் புள்ளியாக வைத்து, கரைப்பானில் நிற்க வைத்து, காய்ந்த பிறகு ஆல்கலாய்டுகளை நிறமாகக் காட்டும் சீரிக் அமோனியம் சல்ஃபேட் என்ற வேதிப்பொருளைத் தெளிப்போம். தகடு முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரிசையாகப் புள்ளிகள் எழும். ஒவ்வொன்றும் ஒரு ஆல்கலாய்டு அல்லது இரண்டு மூன்று சேர்ந்தது. "இதில் எது சார் வின்கிரிஸ்டின்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். அந்தத் தகட்டில் அது கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மற்றவை. அப்பாவின் டம்ளரில் இருப்பதும் அந்த மற்றவைதான்.

கணக்காகவே போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளை வின்கிரிஸ்டின் அதிகபட்சம் 2 மில்லிகிராம். மேலே சொன்ன கணக்குப்படி அதை எடுக்க 4 கிலோ காய்ந்த இலை வேண்டும். பச்சை இலையாக நிறுத்தால் இன்னும் பல மடங்கு. அதுவும் தொழிற்சாலை முறையில், தேர்ந்த ஆட்கள் எடுத்தால். ஒரு கைப்பிடி இலையும் ஏழெட்டுப் பூவும் எங்கே நிற்கும்? பூவிதழின் நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் வகை நிறமிகள், மருந்துக்கு யாரும் பூவை எடுப்பதில்லை. போதாததற்கு இந்த மருந்துகள் வாய்வழியாகப் போனால் குடலில் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. அதனால்தான் இரண்டையும் சிரையில் ஊசியாக மட்டும் போடுகிறார்கள். இதே குடும்பத்தில் வினோரெல்பின் என்ற ஒன்று மட்டும் மாத்திரையாகவும் வருகிறது. அது செடியிலிருந்து எடுத்த பொருளைப் பிரான்சில் பியர் பொத்தியேயின் குழு ஆய்வகத்தில் மாற்றி அமைத்து உருவாக்கியது. செடியில் அப்படியே இருப்பதல்ல.

'அப்படியானால் கஷாயத்தில் ஒன்றுமே இல்லை, குடித்தால் கெடுதலும் இல்லை' என்று அப்பா திருப்பிக் கேட்கலாம். கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். புற்றுநோய் மருந்தாக வேலை செய்யும் அளவுக்கு இல்லை என்றுதான் சொன்னேன். மற்ற ஆல்கலாய்டுகள் இருக்கின்றன, அவை வின்கிரிஸ்டினைவிடப் பல மடங்கு அதிகம். எந்தச் செடியில் எவ்வளவு என்பது மண், பருவம், இலையின் வயது, வகை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். இன்று பறித்த கைப்பிடியும் அடுத்த வாரம் பறித்ததும் ஒன்றல்ல. வேரில் அஜ்மலிசின் என்ற பொருள் இருக்கிறது, அது இரத்த ஓட்டத்துக்கான மருந்தாகப் பயன்பட்டது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் வேரையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு.

நம் ஊரில் செங்காந்தளை எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்து விதையை விற்கிறார்கள், அதிலிருந்து எடுக்கும் கோல்கிசின் மூட்டில் வரும் கவுட் நோய்க்கு மருந்து. ஆனால் அந்தக் கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்று கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோல்கிசினும் வின்கிரிஸ்டினும் உடம்பில் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க நுண்ணிய குழாய்கள் கட்டப்படும். அந்தக் குழாயின் செங்கல் டியூபுலின் என்ற புரதம். இந்த மருந்துகள் அந்தச் செங்கல்லில் ஒட்டிக்கொண்டு குழாய் கட்ட விடாமல் தடுக்கும். பிரிய முடியாமல் செல் பாதியில் நின்று சாகும். வேகமாகப் பிரியும் புற்றுநோய்ச் செல் அதிகமாகச் சாகிறது. கூடவே எலும்பு மஜ்ஜை, முடியின் வேர், குடல் உட்சுவர் எல்லாம் அடிபடும். நரம்புக்குள்ளும் அதே குழாய்கள்தான் சத்தை நீளவாக்கில் கொண்டுபோகின்றன. அதனால் நரம்பும் கெடும். கண்வலிக்கிழங்கு உடனே ஆளைச் சாய்ப்பதால் அதற்குப் பயப்படுகிறோம். நித்திய கல்யாணி அப்படி உடனே எதையும் காட்டுவதில்லை, அழகாக வாசலில் நிற்கிறது. அதனால் பயம் வரவில்லை.

மருந்தகத்தில் இருந்தபோது வின்கிரிஸ்டின் குப்பியைக் குளிர்பெட்டியில் தனித் தட்டில் வைத்திருப்போம். ஒரு மில்லி குப்பியில் ஒரு மில்லிகிராம். சிரையில் மட்டுமே போட வேண்டும், வேறு வழியில் போட்டால் உயிரிழப்பு என்ற எச்சரிக்கை மேலே ஒட்டியிருக்கும். வெறும் சம்பிரதாயம் இல்லை அது. முதுகுத் தண்டு நீரில் தவறிப் போட்டு நோயாளிகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்து, 2007-ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. ஊசிக் குழலில் தராமல் சிறு பையில் கரைத்துத் தரச் சொன்னார்கள். சிரைக்கு வெளியே சில சொட்டு கசிந்தாலே தசை வெந்து புண்ணாகும். அளவு சரியாகப் போட்டாலும் விரல் நுனி மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும், பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடப்பார்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அம்மாவிடம் கழுத்தை நீட்டிய ஒரு ஒன்பது வயதுப் பையன் இன்னும் என் கண்ணில் நிற்கிறான். பிழைப்பதற்காக அவன் அந்தக் கஷ்டத்தைப் பட்டான். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என்று மூன்று பேர் பெயரையும் எடையையும் அளவையும் சரிபார்த்த பிறகுதான் அவனுக்கு அந்த ஒரு மில்லி போனது. அத்தனை பேர் காவல் காக்கிற மருந்து அது.

இனி சர்க்கரைக்கு வருவோம். இங்கே நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ராபர்ட் நோபிளின் எலிகளில் வாய்வழியாக வேலை செய்யவில்லை என்றேன். அதற்குப் பிறகு இந்தியாவிலும் வேறு இடங்களிலும், மருந்து கொடுத்துச் செயற்கையாகச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு இலைச்சாறு கொடுத்த ஆய்வுகளில் இரத்தச் சர்க்கரை குறைந்ததாக முடிவுகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பொய் என்று நான் தள்ளவில்லை. சாற்றை எந்தக் கரைப்பானில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும், தண்ணீரில் கொதிக்க வைப்பது வேறு, ஆல்கஹாலில் இழுப்பது வேறு. எலிக்குக் கொடுத்த அளவை அறுபது எழுபது கிலோ எடையுள்ள மனிதருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. மனிதர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இதையும் இன்னொன்றுக்கு வெறும் கசப்பு நீரையும் மாதக்கணக்கில் கொடுத்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை ஒப்பிட்டு நிரூபித்த தரமான ஆய்வை ஆதாரமாகக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். எலி ஆய்வுகளை மட்டும் வைத்து ஒரு பெரியவரை தினமும் குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

'குடித்ததிலிருந்து சர்க்கரை இறங்கியிருக்கிறது' என்று அப்பா சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். ஒருவர் மூலிகை குடிக்கத் தொடங்கும்போது கூடவே பத்தியமும் இருக்கத் தொடங்குவார், காபியில் சர்க்கரையை நிறுத்துவார், நடப்பார். எண் இறங்கும். அல்லது சாறே கொஞ்சம் இறக்கியிருக்கலாம், அதையும் மறுக்க முடியாது. எனக்குக் கவலை தருவது அந்த இரண்டாவது சாத்தியம்தான். ஏனென்றால் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதோடு இன்னொரு பொருளும் சர்க்கரையை இறக்கினால், வெறும் வயிற்றில், அறுபத்தெட்டு வயதில், தாழ்சர்க்கரை வரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், மயக்கம். வேலை செய்யவில்லை என்றால் வீண், வேலை செய்தால் ஆபத்து. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்பு ஏற்கெனவே கொஞ்சம் பழுதாகியிருக்கலாம். நரம்பைத் தாக்கும் பொருள்கள் உள்ள செடியை அவர் தினமும் குடிப்பதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

வேறு பயன்களையும் கேட்டிருந்தீர்கள். குளவி கொட்டினால் இலையைக் கசக்கித் தேய்ப்பது கிராமத்து வழக்கம். புண்ணில்லாத தோலில் எப்போதாவது தேய்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை, குணம் உண்டு என்று நிரூபணமும் இல்லை. பூச்சாறு எலிகளில் காயத்தை வேகமாக ஆற்றியதாக 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. அதைப் படித்துவிட்டு யாராவது சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் பூவை அரைத்துக் கட்டிவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயம். தயவுசெய்து கட்டாதீர்கள். கர்ப்பிணிகள் இந்தச் செடியின் எந்தப் பாகத்தையும் உள்ளுக்கு எடுக்கக் கூடாது, செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் கருவுக்கு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே கீமோதெரபி எடுப்பவர்கள் கூடுதல் பலனுக்கென்று இதைக் குடிப்பதையும் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் மறைத்துக் குடிப்பார்கள். மருந்தால் இரத்த அணு குறைந்ததா கஷாயத்தாலா என்று தெரியாமல் மருத்துவர் மருந்தைக் குறைப்பார், நஷ்டம் நோயாளிக்கு. அப்புறம், இணையத்தில் வின்கா என்று தேடினால் ஞாபக சக்திக்கு நல்லது என்று வரும். அது ஐரோப்பாவில் வளரும் வின்கா மைனர் என்ற வேறு செடி, அதில் இருப்பது வின்கமின். நித்திய கல்யாணிக்கு முன்பு வின்கா ரோசியா என்று பெயர் இருந்ததால் வந்த குழப்பம். இப்போது அதன் பெயர் கேத்தரந்தஸ் ரோசியஸ்.

நிச்சயமான பயன் ஒன்று உண்டு, அது விவசாயம். தென் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் இதைப் பயிர் செய்து, இலையையும் வேரையும் காயவைத்து மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் நிர்மல், தவல் என்று வெள்ளைப் பூ வகைகளை இதற்காகவே வெளியிட்டது. அந்த இலை 500 கிலோ கணக்கில் போய்க் கிராமாகத் திரும்புகிறது. இந்தப் பிரச்சினையால்தான் செடி இல்லாமலே செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். 2022-ல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களை வைத்து வின்டோலினையும் கேத்தரந்தினையும் உண்டாக்கி, இரண்டையும் இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கியது. 2019-ல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து குழந்தைகளின் சிகிச்சை தடுமாறியது. அதை நினைத்தால் இந்த ஆராய்ச்சி எவ்வளவு அவசியம் என்று புரியும்.

இப்போது செய்ய வேண்டியது. அப்பாவோடு சண்டை போட வேண்டாம். ஒரு மாதம் குடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். என்னென்ன பாகம், எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கு உதவும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, இரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். இடைப்பட்ட நாளில் வியர்த்து நடுங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குடிக்க முடியாத மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், அடக்க முடியாத வயிற்றுப்போக்கு, கை கால் மரத்துப்போவது என்று எது வந்தாலும் தாமதிக்க வேண்டாம். அவருடைய வாதத்துக்கு, ஜமைக்காவிலிருந்து வந்த அந்த இருபத்தைந்து இலைகளின் கதையைச் சொல்லுங்கள். மூலிகையின் மேல் அவருக்கு இருக்கும் மரியாதையை நீங்கள் குறைக்க வேண்டியதில்லை, அந்தக் கதை முழுவதும் ஒரு மூலிகைக்குக் கிடைத்த மரியாதைதான்.

செடியைப் பிடுங்க வேண்டாம். வாசலிலேயே இருக்கட்டும். தொடுவதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ ஒன்றும் ஆகாது. ஒடித்தால் வரும் சாறு கையில் பட்டால் கழுவிக்கொள்ளுங்கள், தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் இலையைப் பிய்த்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் மட்டும் பூவெல்லாம் பச்சையாகி இலைபோல் மாறினால், அது ஃபைட்டோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நோய். தத்துப்பூச்சிகள் வழியாகப் பரவும். அந்த ஒரு செடியை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றவை தப்பிக்கும்.